சேவுக் கடைக் கல்லாவில் இருந்துகொண்டு எடையைக் குறைக்க முடியுமா?

கேட்டவர் சாத்தூரைச் சேர்ந்த ஒரு சகோதரி. புகுந்த வீட்டாருக்குக் காராச்சேவுக் கடை. காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை கல்லாவில் அவர்தான். வயது 38, உயரம் 155 செ.மீ., எடை 76 கிலோ. மூன்று மாத சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் வந்திருக்கிறது, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மாத்திரை தரவில்லை, முதலில் எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். "வலது கையை நீட்டினால் சேவு, இடது கையை நீட்டினால் மிக்சர். எதிரே டீக்கடை, இரண்டு கடை தள்ளிப் புரோட்டாக் கடை. காலையில் நின்றுகொண்டே இரண்டு இட்லி, மதியச் சாப்பாடு 3 மணிக்கு, இரவு பெரும்பாலும் பார்சல். எனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் என்னதான் செய்வது?" என்று கேட்கிறார்.

சகோதரி, நான் மதுரையில் 16 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். பேக்கரியில் வேலை பார்ப்பவர்கள், புரோட்டா மாஸ்டர்கள், ஸ்வீட் ஸ்டால் வைத்திருப்பவர்கள், கல்யாணச் சமையல்காரர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். தொழிலை விடாமலே எடையைக் குறைத்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அதனால் முதலில் தைரியமாக இருங்கள். இன்னொன்று, வாயைக் கட்டத் தெரியவில்லை என்ற பேச்சை நீங்கள் மனதில் ஏற்ற வேண்டாம். காலை 8 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்ட ஒருவர், மதியம் 3 மணி வரை சூடான சேவு வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் கை போகத்தான் செய்யும். உங்களைக் குறை சொல்கிறவர்களை ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் அவர்களுக்கும் போகும். பசித்த வயிற்றோடு கல்லாவில் உட்கார்வதுதான் உங்கள் பிரச்சினை. சேவு அதற்கு அடுத்ததுதான்.

சாப்பாட்டில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கடையில் தராசு இருக்கிறது, அது பெரிய வசதி. நாளைக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கல்லாப் பக்கத்தில் வையுங்கள். நாள் முழுக்க வாயில் போட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், போடுகிற அளவை அப்படியே எடுத்து அந்தக் கிண்ணத்தில் போடுங்கள். சாம்பிள் கொடுக்கும்போது எடுப்பது, தட்டில் உடைந்து கிடக்கும் துண்டு, விரலில் ஒட்டிய தூள், எல்லாமே. இரவு கடை அடைக்கும்போது கிண்ணத்தைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மதுரையில் மிக்சர் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவை இப்படிச் செய்யச் சொன்னேன். "நான் கடையில் எதையும் தொடுவதே இல்லை, எப்போதாவது ஒரு வாய்தான்" என்று என்னிடம் உறுதியாகச் சொன்னவர் அவர். இரவு போன் செய்தார். 110 கிராம். கொஞ்ச நேரம் அவருக்குப் பேச்சே வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை. தட்டில் வைத்துச் சாப்பிடாத எதையும் நம் மனம் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடலை மாவு, அரிசி மாவு, பொரித்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து 100 கிராம் சேவில் சுமார் 500 முதல் 550 கலோரி இருக்கும். உங்கள் வயது, உயரம், எடைக்கு, பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை என்றால், உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 1,800 கலோரி. அதாவது, அந்த அம்மாவைப் போல 110 கிராம் உள்ளே போனால் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு, பசியும் தீராமல், சாப்பிட்ட நினைவும் இல்லாமல் போய்விடுகிறது. அதற்கு மேல்தான் இட்லி, சோறு, புரோட்டா.

சேவு ஏன் வயிற்றை நிரப்புவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? அதில் தண்ணீர் இல்லை. ஒரு கை சேவும் ஒரு சின்னக் கிண்ணம் அவித்த சுண்டலும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுண்டலை மென்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும், வயிற்றில் இடத்தையும் அடைக்கும். சேவு ஒரு நிமிடத்தில் தீர்ந்து, உப்பும் காரமும் அடுத்த கையைக் கேட்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 2019-ல் ஒரு சோதனை செய்தார்கள். 20 பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு கொடுத்தார்கள். இரண்டிலும் வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 1 கிலோ கூடினார்கள். உங்கள் வீட்டுச் சேவு ஆலைச் சரக்கு இல்லைதான். ஆனால் வேகமாக இறங்குவது, சின்ன அளவிலேயே கலோரி குவிந்திருப்பது, உப்பும் எண்ணெயும் நாக்கில் நிற்பது என்று அந்த உணவுகளுக்கு உள்ள குணங்கள் சேவுக்கும் உண்டு. ஆட்கள் ஒன்றுதான், உணவு மாறியதும் அளவு மாறியது என்பதைக் கவனியுங்கள்.

சரி, இனி உங்கள் நாளை எடுத்துக்கொள்வோம்.

காலைச் சாப்பாட்டைப் பெரிதாக்குங்கள். எடையைக் குறைக்க வந்தவரிடம் அதிகம் சாப்பிடச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். மூன்று இட்லி, பருப்பு கெட்டியாக இருக்கிற சாம்பார் ஒரு கிண்ணம், ஒன்றோ இரண்டோ அவித்த முட்டை. முட்டை சாப்பிடாத நாளில் முளைகட்டிய பாசிப்பயறோ, பாசிப்பயறு அரைத்த தோசையோ. உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெறும் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் 11 மணிக்குள் கரைந்துவிடும். புரதம் சேர்ந்தால் பசி ஒரு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 கலோரியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் ஊர்ச் சாப்பாட்டில் குறைவது எப்போதும் புரதம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2025-ல் வெளிவந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதில் சொல்கிறார்கள்.

அதே ஆய்வில் உங்கள் ஊருக்குப் பொருந்தும் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கரிசல் காட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த பூமி அது. "அரிசியை விட்டுக் கம்புக்கு மாறிவிட்டேன், ஏன் குறையவில்லை?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்று மட்டும் மாற்றினால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்கிறது ஆய்வு. கம்பில் நார்ச்சத்து கூடுதல், இரும்புச்சத்து கூடுதல், பசி தாங்கும். தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கலோரியில் கம்பும் அரிசியும் அக்கா தங்கைதான். இரண்டு உருண்டை களி சாப்பிட்டால் இரண்டு உருண்டைக்கான கணக்குதான்.

மதியச் சாப்பாட்டை 1 மணிக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர் 3 மணிக்குத்தான் வந்து கல்லாவை மாற்றிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இருபது நிமிடம் கேளுங்கள், அல்லது கடைப்பையனை நிறுத்திவிட்டு உள்ளே போய், சரக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்காக நீங்கள் வீட்டில் கொஞ்சம் வாதாடினால்கூடத் தப்பில்லை என்பேன். 8 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஏழு மணி நேரம்தான் உங்கள் எடையில் பாதி.

தூக்குச்சட்டியில் சோறு ஒரு தட்டை, வெஞ்சனம் ஒரு தட்டை என்று வரும் இல்லையா? பெரிய தட்டில் வெஞ்சனத்தையும் சின்னத் தட்டில் சோற்றையும் வைக்கச் சொல்லுங்கள். சோறு தலை தட்டி ஒரு கப், சுமார் 150 கிராம், அது 200 கலோரிக்குள். வெஞ்சனம் இரண்டு வகை: சுரைக்காய், பீர்க்கங்காய், அவரை, கத்தரி, கீரை, எது கிடைக்கிறதோ அது. உருளைக்கிழங்கும் வாழைக்காயும் இந்தக் கணக்கில் சேராது, அவை சோற்றோடு சேரும். பருப்போ மீனோ முட்டையோ ஒன்று கட்டாயம். சாப்பிடும்போது வெஞ்சனத்தில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றைத் தொடுங்கள். கடைசியில் மோரோ கொஞ்சம் தயிர்ச் சோறோ.

அந்தத் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சேவு வேண்டுமா? சாப்பிடுங்கள். உங்கள் ஊரில் சேவை அப்படித்தானே சாப்பிடுகிறார்கள். அதை அடியோடு விடச் சொல்ல எனக்கு மனம் வராது, சொன்னாலும் நடக்காது. உங்கள் குடும்பம் நாலு பேருக்குப் பொட்டலம் கட்டிப் பிழைக்கிற பொருள் அது, அதன் மேல் வெறுப்பு வந்தால் நன்றாக இருக்காது. காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக 20 கிராம் நிறுத்து உங்களுக்கென்று ஒரு சின்னப் பொட்டலம் கட்டுங்கள். சுமார் 100 கலோரி. அதற்கான காசை உங்கள் பணத்திலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுங்கள். சொந்தக் கடையில் காசு கொடுப்பதா என்று தோன்றும். ஒரு வாரம் செய்து பாருங்கள். காசு கொடுத்து வாங்கியது உங்கள் சாப்பாடு, மற்றதெல்லாம் விற்கிற சரக்கு என்று கைக்கே தெரிந்துவிடும். நான் சொன்ன மிக்சர்க் கடை அம்மாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கைகொடுத்தது.

இதோடு சில சின்ன வேலைகள். சேவை அள்ள எப்போதும் கரண்டிதான், கை உள்ளே போகக் கூடாது. வலது கைப் பக்கம் திறந்து கிடக்கும் தட்டை எழுந்து போய் எடுக்கிற தூரத்துக்கு மாற்றுங்கள், அந்த இடத்தில் பில் புத்தகமோ தண்ணீர் பாட்டிலோ இருக்கட்டும். உப்பு காரம் பார்க்கிற வேலையைச் சரக்குப் போடுகிற மாஸ்டரிடமே விட்டுவிடுங்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றால் காலை முதல் ஈட்டில் ஒரு சிட்டிகை போதும்.

டீ விஷயத்துக்கு வருகிறேன். கடைவீதியில் டீ என்பது மரியாதை. யார் வந்தாலும் சொல்ல வேண்டும், சொன்னால் நமக்கும் ஒன்று வரும். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. டீயை விட வேண்டாம். "சீனி கம்மி" என்று டீ மாஸ்டரிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் அவர் கை அப்படியே பழகிவிடும். முதல் வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் அரை. ஒரு மாதத்தில் பழைய டீ உங்களுக்கே திகட்டும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று மாறினால் ருசிதான் மாறும், கலோரி மாறாது.

மாலை 5 மணிக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த சுண்டல் ஒரு கிண்ணம். கொண்டைக்கடலை, தட்டாம்பயறு, மொச்சை, மாற்றி மாற்றி. கூடவே, உங்கள் ஊருக்கென்று ஒரு கொடுப்பினை இருக்கிறது, சாத்தூர் வெள்ளரி. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்குகிற பிஞ்சு அது. நூறு கிராமில் 15 கலோரிதான், மற்றதெல்லாம் தண்ணீர். ஊரைச் சுற்றிக் கெடுதலான தீனியாகவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இதை மறந்துவிட்டீர்கள். சீசனில் காலையிலேயே நாலைந்து பிஞ்சு வாங்கிக் கழுவி, தட்டு இருந்த அந்த வலது கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்ல வேண்டும் என்கிற ஆசைக்கு அது பதில் சொல்லும். உப்பும் மிளகாய்த் தூளும் மட்டும் லேசாக இருக்கட்டும்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் நல்லதுதானே, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பால்தானே என்று அடுத்த கேள்வி வரும். இரண்டுக்கும் புவிசார் குறியீடு வாங்கி ஊருக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்கள், ருசியில் குறை சொல்ல முடியாது. கடலை மிட்டாயில் நிலக்கடலையின் நல்ல குணம் இருக்கிறது, வெல்லப் பாகும் இருக்கிறது. 30 கிராமுக்குச் சுமார் 150 கலோரி. அதைச் சேவுப் பொட்டலத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம், கூடுதலாக வேண்டாம். பால்கோவாவை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடுதான் உங்கள் கேள்வியில் எனக்கு அதிகக் கவலை தந்தது. ஒன்பதரைக்கு மேல் பசியோடு வீட்டுக்குப் போய், சமைக்கத் தெம்பில்லாமல், நாலு எண்ணெய் புரோட்டாவும் சால்னாவும் பார்சல். ஒரு புரோட்டா 250 கலோரிக்குக் குறையாது, எண்ணெயில் பொரித்தது அதற்கும் மேல். இதை நிறுத்தத் தனியாக மன உறுதி எதுவும் தேவையில்லை. ஏழு, ஏழரைக்கே கடையில் சாப்பிட்டுவிடுங்கள். மதியத் தூக்குச்சட்டி வரும்போதே இரவுக்கும் இரண்டு சப்பாத்தியும் காய்கறிக் குருமாவும், அல்லது மூன்று இட்லியும் சாம்பாரும் வந்துவிட வேண்டும். வீட்டுக்குப் போனதும் ஒரு டம்ளர் பால் அல்லது மோர் போதும், பசி அடங்கியிருக்கும். எட்டு மணிக்குப் புரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம் உங்கள் காதில் விழும்போது வயிறு நிறைந்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு. வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு புரோட்டா என்றால் இரண்டு வாங்கி, கூடவே முட்டைக் குழம்போ கோழிக் குழம்போ வைத்து, சால்னாவை ஊற்றிக்கொள்ளாமல் தொட்டுச் சாப்பிடுங்கள். அந்தச் சிவப்பு எண்ணெய் மேலே மிதக்கிறதே, அதில் ஒரு குழிக்கரண்டி என்பது ஒரு புரோட்டாவுக்குச் சமம்.

வீட்டுச் சமையலில் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். சேவு பொரித்த எண்ணெயை வடிகட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வீட்டார் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயட்டில் இருக்கிறேன் என்று அறிவித்தால் எல்லாரும் நீதிபதியாகிவிடுவார்கள். ஒரு நாள் ஒரு வடை சாப்பிட்டாலும் "இதுதான் உன் டயட்டா?" என்பார்கள், சாப்பிடாவிட்டால் "உடம்பு தாங்குமா?" என்பார்கள். "டாக்டர் சுகர் ஆரம்பிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாரு அத்தை, அதான் கொஞ்சம் பாத்துச் சாப்பிடறேன்" என்று மாமியாரிடம் நேராகச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் சுகர் என்ற வார்த்தைக்கு மரியாதை உண்டு. அதோடு, மதியத் தூக்குச்சட்டி நிரப்புவது அவர்தான் என்றால், அவர் உங்கள் பக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது. உறவுக்காரர் வீட்டில் தட்டை நீட்டினால் மறுக்காமல் ஒன்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது வரும்போது வயிற்றில் இடமில்லை என்று சொல்லலாம், அது யாரையும் புண்படுத்தாது.

நடைப்பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது, குறைந்த எடை திரும்ப ஏறாமல் நிற்கும். ஆனால் அரை மணி நேர நடையில் போவது ஒரு கை சேவின் கலோரிதான். நடந்துவிட்டோமே என்று சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். மதியம் சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிடம் நின்றபடி வியாபாரம் பாருங்கள், அல்லது தெருமுனை வரை போய் வாருங்கள்.

தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரவு 12 மணிக்குப் படுத்துக் காலை 5 மணிக்கு எழுந்தால் மறுநாள் பசி கூடத்தான் செய்யும். ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிற 80 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது, 2022-ல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தூங்கச் சொன்னதும், யாரும் எதுவும் சொல்லாமலே அவர்கள் சாப்பிடுகிற அளவு தினம் சுமார் 270 கலோரி குறைந்தது. இரவுச் சாப்பாடு ஏழரைக்கே முடிந்தால் நீங்களும் சீக்கிரம் படுக்கலாம்.

எவ்வளவு குறையும் என்று கேட்பீர்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டுகிற பிஎம்ஐ இப்போது உங்களுக்கு 31.6. இந்தியர்களுக்கு 25-லிருந்தே உடல் பருமன் என்று கணக்கு. அந்த 25-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தினமும் 400 கலோரி குறைந்தால் மாதம் ஒன்றரை கிலோ. மூன்று மாதத்தில் நாலு கிலோ, அதாவது உங்கள் எடையில் 5 சதவீதம். அந்த அளவுக்கே சர்க்கரை அளவில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலை வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதவிலக்கு நாட்களையொட்டி ஒரு கிலோ ஏறி இறங்கும், அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். தையல் நாடாவால் இடுப்புச் சுற்றளவும் எடுத்து எழுதி வையுங்கள், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. தைராய்டு பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். சர்க்கரையை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இடையில் டாக்டர் மாத்திரை ஆரம்பித்தால் சாப்பாட்டு அளவை அவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாகத் தீபாவளி. உங்களுக்கு அது பண்டிகை மட்டும் இல்லை, வருஷ வியாபாரம். அந்த ஆறு வாரம் இரவு பகலாக அடுப்பு எரியும், மதியம் 1 மணிச் சாப்பாடும் ஏழரை மணிச் சாப்பாடும் தடுமாறும், தூக்கம் போய்விடும். அந்த நாட்களில் எடையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், கூடாமல் நின்றால் போதும். காலைச் சாப்பாடும் 20 கிராம் பொட்டலமும் மட்டும் எந்த நெருக்கடியிலும் மாறக் கூடாது. மற்றதை ஐப்பசி முடிந்ததும் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் நாளைக்குக் கிண்ணத்தை வைத்து, தராசு என்ன காட்டியது என்று எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, காலையில் எத்தனை முட்டை, மதியம் எவ்வளவு சோறு என்று உங்களுக்கென்று சரியாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.